வண்டி வாயை மூடிய நாள்

எங்கள் வண்டிக்கு வாய் ஜாஸ்தி. சாவியைப் போட்டால் கத்தும், எடுத்தால் கத்தும். விளக்கை அணைக்க மறந்தால் கத்தும். பின்னால் எடுத்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். முன் சீட்டில் ஒரு பூசணிக்காயை வைத்தால் போதும், பூசணிக்காய் பெல்ட் போடவில்லை என்று மார்க்கெட்டிலிருந்து வீடு வரைக்கும் உயிரை எடுக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நானே பூசணிக்காய்க்கு பெல்ட் மாட்டிவிட்டேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டி அது. எங்கள் பாட்டன்மார் கடல் தாண்டிக் கரும்பு வெட்ட வந்த இந்தக் கோரன்டைன் கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அப்படிக் கப்பலில் வந்து இறங்கியவைதான். வருகிற வண்டி தன் ஊர்ப் புத்தியையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. கடிகாரம் இன்னமும் ஜப்பான் நேரத்தில்தான் ஓடுகிறது. மாற்றுகிற பொத்தான் எதுவென்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ரேடியோவின் முள் பாதி வழியில் நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. அதனால் ஒரே ஒரு நிலையம்தான் அகப்படும். காலை நேரத்தில் பழைய இந்திப் பாட்டும் மரண அறிவிப்பும் போடுகிற நிலையம் அது.

இதெல்லாம் போதாதென்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். என்ஜினைக் கிளப்பியதும் சின்னத் திரையில் வெளிச்சம் வரும், உடனே மெல்லிய குரலில் ஒரு நீளமான வாக்கியம் சொல்லுவாள், ரொம்ப மரியாதையாக. என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை தெரியாது. வண்டியில் ஏறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் "குட் மார்னிங், மிஸ்" என்று கோரஸாகப் பதில் சொல்லும். என் வீட்டுக்காரர் "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஜப்பான்காரிக்கு உடனே பதில் சொல்லுகிற மனுஷன், கட்டின பெண்டாட்டி சமையலறையிலிருந்து தொண்டைத் தண்ணி வற்றக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் தியோநரைன். அது பள்ளிக்கூடப் பதிவில் இருக்கிற பெயர். ஊருக்கு அவர் ஸ்டீம். சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் காலமெல்லாம் வேலை பார்த்ததால் வந்த பெயர். எங்கள் பக்கம் ஊர் வைத்த பெயர்தான் நிஜப் பெயர். செத்த பிறகு ரேடியோவில் அறிவிக்கும்போதுகூட அந்தப் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் போனது யாரென்று விளங்கும்.

ஆலையை மூடினார்கள். மூடிய மறுநாள், தூண்கள்மேல் நிற்கிற எங்கள் பலகை வீட்டுக்கு அடியில் கட்டியிருந்த தூளியில் போய் விழுந்தார் ஸ்டீம். முகம் வழிக்கவில்லை. கோவிலுக்கு வரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் வந்து கூப்பிட்டால் தூங்குகிற மாதிரி கிடப்பார். மாடியிலிருந்து பலகை இடுக்கு வழியாகப் பார்ப்பேன், கண் திறந்துதான் இருக்கும். ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்று பூச்சிமருந்து டப்பாவைக்கூட எடுத்து ஒளித்துவைத்தேன்.

அந்த ஆளைத் தூளியிலிருந்து எழுப்பியது இந்த வண்டிதான். ஆலை கொடுத்த கடைசிப் பணத்தில் வாங்கி, எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நியூ ஆம்ஸ்டர்டாம் டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். பக்கவாட்டில் இழுத்து மூடுகிற கதவு உள்ள பெரிய வண்டி. பிள்ளைகள் ஏறி "ஸ்டீம் அங்கிள், ஸ்டீம் அங்கிள்" என்று கூச்சல் போட்ட பிறகுதான் மனுஷன் முகத்தில் ரத்தம் ஓடியது. அதனால் அந்த வண்டியின் வாயை நான் பொறுத்துக்கொண்டேன்.

அவரால் பொறுக்க முடியாதது ஒரே ஒரு சத்தம். இழுவைக் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் வருகிற சத்தம். காதுக்குள் கொசு புகுந்த மாதிரி, டீ-டீ-டீ என்று ஊசி போல இருக்கும். உப்புக்காற்றில் கதவின் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது, ஒரு தடவை இழுத்தால் மூடாது. மூடின மாதிரி தெரியும், மூடியிருக்காது. முகப்பில் அதற்கு ஒரு விளக்கும் இருந்தது. ஆனால் அந்த முகப்பில் நாலைந்து விளக்குகள் வந்த நாள் முதல் காரணமில்லாமல் எரிந்துகொண்டே இருந்தன. எரிச்சலில் ஸ்டீம் எல்லாவற்றின்மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார், கதவு விளக்கும் அதில் போயிற்று. ஆகக் கதவைப் பற்றிச் சொல்ல அந்த டீ-டீ ஒன்றுதான் பாக்கி.

ரோஸ் ஹால் போகிற வழியில் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கிற காம்டனிடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"இந்தச் சனியனைப் பிடுங்கி எறி, காம்டன்."

"கதவு மூடலன்னா அது கத்தும், ஸ்டீம். கதவை மூடு."

"மூடித்தான்யா இருக்கு!"

"மூடலன்னு அது சொல்லுதே."

"அதுக்கு நான் முதலாளியா, எனக்கு அது முதலாளியா?"

காம்டன் அசையவில்லை. "பிள்ளைங்க ஏறுற வண்டி. அந்த ஒயர்ல நான் கை வைக்க மாட்டேன். வேணும்னா ரேடியோவைச் சரி பண்ணித் தரேன். சாவுச் செய்தி இல்லாம வேற ஏதாவது கேளுங்க."

"சாவுச் செய்திதான் எங்களுக்கு வேணும்" என்றேன் நான். பின்னே, யார் போனார்கள் என்று தெரியாமல் ஊரில் எப்படித் தலை காட்டுவது?

ஆகஸ்ட் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். ஒரு சாயங்காலம் ஸ்டீம் படிகளில் இரண்டு இரண்டாய்த் தாவி ஏறி வந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர், மூக்கில் கிரீஸ்.

"ஏ புள்ள! முடிஞ்சுது அதோட கதை! நானே திறந்து பாத்தேன், ஒரு ஒயர ஆட்டினேன், ஒரு தட்டு தட்டினேன். வாய மூடிடுச்சு. காம்டனாம் காம்டன்!"

அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன். அன்று அவருக்குப் பிடித்த மாதிரி பருப்பு பூரி சுட்டேன். சுட்டுக்கொண்டே, "யோவ், குழாய் ஒழுகுதுன்னு சொன்னேனே, அதையும் ஒரு தட்டு தட்டேன்" என்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் மாமரத்த வெட்டினதுலேர்ந்து ஒரு கிஸ்கடி வரதில்ல, பாத்தியா?" என்றார்.

மின்கம்பியில் இரண்டு கிஸ்கடிக் குருவிகள் உட்கார்ந்து ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. வேண்டுமென்றே எகனைக்கு மொகனை பேசுகிறார், நம்மைச் சீண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அறுபத்திமூன்றாம் நம்பர் என்கிற ஊரின் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டியின் அமைதியைக் கொண்டாடுவதற்காம். சாப்பாட்டுக் கூடையைப் பின்னால் வைத்து இழுவைக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஏறினேன். வண்டி தெருமுனை தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டது. டீ-டீ-டீ-டீ.

ஐயோ பாவம், சந்தோஷம் அதற்குள் போயிற்றே என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றார். "எவ்வளவு அமைதியா இருக்கு!"

என்னிடம் விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அப்படி விளையாடுகிற ஆள்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சிமிட்டுவார் என்று காத்திருந்தேன். சிமிட்டவில்லை. அந்த ஊசிச் சத்தம் என் மண்டையைத் துளைத்துக்கொண்டிருக்கிறது, அவர் பாட்டு முணுமுணுக்கிறார்.

"கொஞ்சம் நிறுத்து. கூடை சாஞ்சிருக்கும்" என்று சொல்லி இறங்கிப்போய்க் கதவை ஓங்கி இழுத்து மூடினேன். சத்தம் நின்றது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு நிற்க என்ன இருந்தது?

கடற்கரையில் அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மணலில் படுத்துத் தூங்கினார். நான் தூங்கவில்லை. பாய்லர் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒருவரோடொருவர் கையைக் காட்டித்தான் பேசுவார்கள், அவ்வளவு இரைச்சல். மேலதிகாரி வருகிற நாளில் மட்டும் காதில் பஞ்சு வைப்பார்கள். வேலை விட்டு வந்ததும் ஸ்டீம் கொஞ்ச நேரம் கத்திக் கத்திப் பேசுவார், அப்புறம் சரியாகிவிடும் என்று நான் இருந்துவிட்டேன். காது அப்படி ஒரே நாளில் போவதில்லை போலிருக்கிறது. சன்னமான சத்தமெல்லாம் முதலில் போகிறது, ஒவ்வொன்றாக, சொல்லிக்கொள்ளாமல்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத்தானே தெரியும். காது கேட்காதவன் வண்டியில் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்? வண்டி நின்றால் ஸ்டீம் தூளிக்குப் போவார். அந்தக் கண்ணை இன்னொரு தடவை பலகை இடுக்கு வழியாகப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. சொல்லாமல் இருந்தாலோ, மூடாத கதவு, அதன் பக்கத்தில் ஊரான் பெற்ற பிள்ளைகள். இரண்டு பக்கமும் நெருப்பு.

கோழையாக நடுவழி ஒன்றைப் பிடித்தேன். நியூ ஆம்ஸ்டர்டாம் மார்க்கெட்டில் காய்கறி மலிவு என்று கதை விட்டு, தினமும் காலையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். நடு சீட்டில், கதவுக்குப் பக்கத்தில். முதல் நாளே டீ-டீ வந்தது. நான் எழுந்திருக்குமுன் ஒடெஸ்ஸா எழுந்துவிட்டாள். ஆறாம் வகுப்புப் பெண், கூட்டத்தில் பெரியவள். வண்டி மெதுவாகப் போகிற இடம் பார்த்து, கதவைச் சட்டென்று ஒரு இழுப்பு இழுத்து மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்தாள்.

என் முகத்தைப் பார்த்தவள் காதோரம் குனிந்தாள். "ஆன்ட்டி, அங்கிளுக்கு அது கேக்காது. எங்களுக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்தே. நாங்க பாத்துக்கறோம்."

"வீட்ல சொன்னீங்களா?"

நான் என்னமோ திருடச் சொன்ன மாதிரி விழித்தாள். "சொன்னா எங்களை பூதூவோட பஸ்ல போட்டுடுவாங்க. அவரு சிப்ஸ் தின்னாக்கூடத் திட்டுவாரு. ஸ்டீம் அங்கிள் நல்லவரு. பாவம், ஆன்ட்டி."

எல்லோரிலும் சின்னவன் எஸ்ரா. முன்பல் இரண்டும் விழுந்தவன். "நாங்க மெதுவா கெட்ட வார்த்தை சொன்னாக்கூட அங்கிளுக்குக் கேக்காதே" என்றான் பெருமையாக. ஒடெஸ்ஸா அவன் தொடையில் கிள்ளினாள்.

ஆக ஊரில் இத்தனை உருப்படிகளுக்குத் தெரியும், அந்த ஒரு மனுஷனுக்குத்தான் தெரியாது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு சின்னப் பெண் ஓடுகிற வண்டியில் எழுந்து நின்று கதவை இழுக்கிறாள். அதைப் பார்த்த அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கப் பார்த்தேன் என்பதும் உண்மை.

"யோவ், நியூ ஆம்ஸ்டர்டாம் ஆஸ்பத்திரில காத ஒரு தடவை காட்டுவோமா?" என்றேன், சாப்பிடும்போது, எதிரே உட்கார்ந்து.

"என் காதுக்கு என்ன? நீதான் இப்பல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கற. வாயத் தொறந்து பேசு, கேக்கும்."

முணுமுணுக்கிறேனாம். என் குரலுக்கு நாலு வீடு தள்ளி நாய் எழுந்திருக்கும். கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்தக் கோபம்தான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நெல் அறுப்பு வந்தது. சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் காயப் போடுகிற காலம். அன்று காலை ஒடெஸ்ஸா வரவில்லை, காய்ச்சல் என்று அவள் தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனான். எஸ்ரா ஜாலியாக அவள் இடத்தில், கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். நான் அவன் பக்கத்தில். கதவை நானே இழுத்து மூடினேன். சத்தம் இல்லை. சரிதான் என்று உட்கார்ந்தேன்.

ரேடியோவில் மரண அறிவிப்பு ஆரம்பித்தது. ஸ்டீம் சத்தத்தை ஏகத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். பிளாக் புஷ் பக்கத்து ஒரு கிழவியின் பெயர் வந்தது. இன்னாருடைய தாய், இன்னாருடைய சகோதரி, இன்னின்னாருடைய மாமியார் என்று நீண்டுகொண்டே போயிற்று. எனக்குத் தெரிந்தவள் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஊர் வைத்த பெயரைச் சொன்னால் தெரிந்துவிடும். "உஷ்! கொஞ்சம் சும்மா இருங்க!" என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ரேடியோப் பக்கம் சாய்ந்தேன்.

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. டீ-டீ-டீ என்று ஆரம்பித்தது. கேட்டது எனக்கு. கேட்காமல் என்ன? அந்தப் பெயர் மட்டும் வரட்டும், இதோ எழுந்து மூடுகிறேன் என்று நினைத்தேன்.

எதிரே பாதிச் சாலைக்கு நெல். ஸ்டீம் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் ஒடித்து நெல்லைச் சுற்றினார். சுற்றியதும் மறுபடி வேகம் எடுத்தார். கதவு வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. காற்று குபீரென்று உள்ளே வந்தது. எஸ்ராவின் பை முதலில் போயிற்று, அதன் பின்னால் சாப்பாட்டு டப்பா, அதன் பின்னால் எஸ்ரா. என் கைக்கு அவன் சட்டைக் காலர் அகப்பட்டது. எப்படி அகப்பட்டது என்று கேட்காதீர்கள். ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் காலர், அவன் கால் இரண்டும் வெளியே. பிள்ளைகள் போட்ட கூச்சல் ஸ்டீமுக்கே கேட்டது. பிரேக் போட்டார்.

நான் எஸ்ராவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, காலர் மட்டும் கிழிந்திருந்தது. அவன் அழக்கூட இல்லை, விக்கினான்.

ஸ்டீம் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பயந்த ஆம்பளை என்ன செய்வான்? கத்துவான்.

"யாருடா கதவைத் தொறந்தது? எஸ்ரா! கதவோட விளையாடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இப்ப செத்திருப்பியே! வாயத் தொறந்து சொல்லு, தொறந்தியா இல்லையா?"

எஸ்ரா சொல்லவில்லை. "இல்லை" என்றுகூடச் சொல்லவில்லை. அவன் ஸ்டீமைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். வண்டியில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. பல் விழுந்த அந்தப் பொடியன், செய்யாத தப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான், அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"அவனைத் திட்டாதே" என்றேன். சத்தம் வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். "அவன் தொறக்கல. கதவு பூட்டிக்கல. அது கத்திச்சுய்யா. டீ-டீன்னு கத்திச்சு."

"எது? அதத்தான் நான் சரி பண்ணிட்டேனே."

"நீ ஒண்ணும் சரி பண்ணல. அது நிக்கவே இல்ல. இத்தனை நாளா தினம் கத்திக்கிட்டுத்தான் இருக்கு. உனக்குத்தான் கேக்கல."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ரேடியோவை அணைத்தார். கதவு திறந்தபடியே வண்டியை ஆளில்லாத ரோட்டில் ஒரு முழம் நகர்த்தினார். டீ-டீ-டீ.

"அடிக்குதா?"

"ஆமா, அங்கிள்."

என்ஜினை நிறுத்தினார். மறுபடி கிளப்பினார். ஜப்பான்காரி தன் வாக்கியத்தைச் சொன்னாள், இந்தத் தடவை யாரும் குட் மார்னிங் சொல்லவில்லை. மறுபடி நகர்த்தினார். "இப்ப?"

"அடிக்குது, அங்கிள்."

"எஸ்ரா, நீ சொல்லுடா."

எஸ்ரா விக்கிக்கொண்டே, "டீ-டீ-டீன்னு அடிக்குது, அங்கிள்" என்றான்.

ஸ்டீம் ஸ்டீரிங்குக்கு மேலே குனிந்து காதை முகப்பில் ஒட்டவைத்தார். இந்தக் காது, அப்புறம் அந்தக் காது.

நெல்லுக்குச் சொந்தக்காரி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, நெல்லை மிதித்தது யார் என்று வைதபடி வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைக் கீழே போட்டாள். பையையும் டப்பாவையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஸ்டீம் இறங்கி வந்து எஸ்ரா முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவன் பையில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். "தப்பு என் மேலடா. உன் மேல இல்ல" என்றார். அப்புறம் என்னிடம், "நீ கதவப் பிடிச்சுக்கோ. மெதுவாப் போறேன்" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் போனோம்.

சாயங்காலம் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் அவர் இறங்கினார். நான் பேசுகிறேன் என்றேன். "நீ வாயத் தொறக்காத" என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லா வீட்டிலும் ஒன்றையே சொன்னார்.

"என் காது போயிடுச்சு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். எஸ்ரா வண்டிலேர்ந்து விழப் பாத்தான். பிள்ளைய அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்."

எஸ்ராவின் தாய் அவர் முகத்தில் அடித்தாற்போல் கேட்டைச் சாத்தினாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்னைத் திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், எனக்குத்தானே எல்லாம் தெரிந்திருந்தது. ஒடெஸ்ஸாவின் தாய், "அவ சொல்லாம மறைச்சாளா? அவளை முதல்ல கவனிக்கறேன்" என்றாள், ஆனால் காம்டன் கதவைச் சரிபார்த்துக் கொடுத்தால் அனுப்புவதாகவும் சொன்னாள். மறுநாள் பூதூ பஸ்ஸில் நிற்க இடமில்லை. எங்கள் வண்டி வாசலிலேயே நின்றது.

ஸ்டீம் வீட்டடியில் தூளிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். நான் மாடியில் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூளியின் ஒரு முனையை அவிழ்த்தார். அப்புறம் இன்னொரு முனையை. சுருட்டி விட்டத்தில் செருகிவிட்டு, "ஏ புள்ள, காம்டன்கிட்ட போறேன், வரியா?" என்றார்.

காம்டன் கதவின் பூட்டை மாற்றினார். டேப்பையெல்லாம் உரித்து, எரிய வேண்டாத விளக்குகளை எரியாமல் செய்தார். பிறகு, கதவின் டீ-டீக்குப் பதிலாக மாட்ட, பழைய ஹாரன்களும் மணிகளும் கிடந்த பெட்டியை இழுத்துப்போட்டு, ஒவ்வொன்றாக பாட்டரியில் தொட்டுக் காட்டினார். ஸ்டீம் முதுகைக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "இல்ல" என்பார். "இல்ல. இது கொஞ்சம். இல்ல." கடைசியில் ஏதோ பழைய கரும்பு லாரியிலிருந்து கழற்றிய ஒன்றை காம்டன் தொட்டார். நோஞ்சான் எருமைக்குத் தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டீம் கண்ணைத் திறந்தார். "இதான்! இத மாட்டு."

"அசிங்கமா இருக்குமே, ஸ்டீம்."

"இருக்கட்டும். இன்னும் அசிங்கமா இருந்தாலும் சரி."

திரும்பி வரும்போது என்ஜினைக் கிளப்பியதும் திரையில் வெளிச்சம் வந்தது, அவள் பேசினாள். "சரிம்மா" என்றார் ஸ்டீம்.

எனக்குப் பொறுக்கவில்லை. தோளைத் தட்டித் திருப்பி, "அவ மட்டும் உனக்கு எப்படிய்யா கேக்கறா?" என்றேன்.

"எனக்கு எங்க கேட்டுச்சு? இந்தத் திரைல வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தா ஏதோ சொல்றான்னு நானே சரிம்மாம்பேன். பிள்ளைங்க சிரிக்கும்." கியரில் கை வைத்தார். "நீ சமையலறைலேர்ந்து பேசினா எனக்கு எந்த வெளிச்சம் வரும், ஹேமா?"

வீடு வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரைப் பார்த்தால் அழுகை வந்திருக்கும். ஆலை மூடினதிலிருந்து இந்த மனுஷனுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். பயமாக இருக்கிறது, என்னோடு பேசு என்று ஒரு மத்தியானம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதுகூடப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. அன்றைக்கே மனசுக்குள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஸ்டீம் சமையலறைக்குள் பெஞ்சை இழுத்துப்போட்டு, ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி என்னை உட்காரவைத்தார். எதிரே அவர் உட்கார்ந்தார். வெளியே கம்பியில் கிஸ்கடி கத்திக்கொண்டிருந்தது.

"சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"எனக்குக் கேக்காததெல்லாம். முதல்லேர்ந்து சொல்லு."

எங்கிருந்து ஆரம்பிப்பது? பயமாக இருக்கிறது என்றேனே, அதிலிருந்தா? வாய் வரவில்லை. அதனால் சின்னதிலிருந்து ஆரம்பித்தேன்.

"குழாய் ஒழுகுது" என்றேன்.

அவர் சட்டென்று எழுந்து ஸ்பானரைத் தேடினார்.

"உக்காருய்யா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னும் நிறைய இருக்கு."